தையல் டீச்சர் கட்டிய கடல்

கண்ணை மூடினால் முதலில் அந்த நீலப் புடவைதான் வருகிறது. துவைத்துத் துவைத்துச் சாயம் போய் வெளிர் நீலத்துக்கு வந்துவிட்ட பழைய வாயில் புடவை. ஏழாம் வகுப்பின் ஓட்டுக் கூரைக்குக் கீழே, சுவருக்குச் சுவர் கயிறு இழுத்து, தையல் டீச்சர் அதை அகலமாக விரித்துக் கட்டியிருந்தார். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் உண்டு. பதினோரு மணி வெயில் அவற்றின் வழியே இறங்கிப் புடவையில் பட்டதும் வகுப்பு முழுவதும் நீலமாகிவிட்டது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள். காற்றுக்குப் புடவை ஏறி இறங்க, வெளிச்சம் அவர்கள் முகத்தின் மேல் நெளிந்து நெளிந்து போயிற்று. "கண்ண மூடாதீங்க. இப்ப நாம எல்லாரும் கடலுக்கு அடியில கீறோம்" என்றார் அவர். முன்வரிசையில் ஒரு பெண் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்படிப் படுக்க வேண்டும் போலிருந்தது. அறிவியல் ஆசிரியை போய்த் தரையில் படுப்பதாவது என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்போடு சரி. தொழிற்பேட்டை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு, நிலம் அளக்கிற சங்கிலியோடு ஆட்கள் வயல்வெளியில் அலைந்த காலம். பள்ளிக்குப் பின்னால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் ஒரு சுண்ணாம்புக் காளவாய். காளவாய்ப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் ஜன்னலைத் திறப்போம். நான் திருவள்ளூர்க்காரி. பெருமாள் கோவில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். வார நாட்களில் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். எனக்கென்று ஒரு சொம்பு, எனக்கென்று ஒரு தம்ளர், யார் கையிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வைராக்கியம். பயமும் அதே அளவு உண்டு. தலைமையாசிரியர் இருமினால் எனக்கு இங்கே தொண்டை கட்டிக்கொள்ளும்.

தையல் டீச்சர் இதற்கெல்லாம் நேர் எதிர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பொன்னேரிப் பக்கம் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மாதாகோவில் பள்ளியில் படித்து, தையல் பயிற்சி முடித்து வந்தவர். "உங்க சொம்புக்குத் தனியா ஒரு அட்டெண்டன்ஸ் போடணும் டீச்சர்" என்று என்னைச் சீண்டுவார். எனக்குக் கோபம் வராமல் சிரிப்பு வரும்படி சீண்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவர் வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வந்தால்தான் உண்டு. அந்த ஆண்டு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது: பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்து, தையல் ஆசிரியை தேவைதான் என்று எழுதினால் நிரந்தரம், இல்லையென்றால் அந்த வகுப்பையே எடுத்துவிட்டுக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். நிரந்தரமானால் இங்கேயே வீடு பார்த்து அம்மாவை அழைத்துவந்துவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எந்தத் தெரு, எந்த வீடு என்பதுகூட முடிவாகியிருந்தது.

கடல் எங்கள் பாடத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் வந்தது. பவளம் சிறு கடலுயிர்களால் உண்டாகிறது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதாகத்தான் எண்ணம். மறுநாள் காளவாய் மேஸ்திரியின் பெண் பாவாடையில் எதையோ முடிந்துகொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். சாம்பல் நிறத்தில், தேங்காய் அளவில் ஒரு கல். "எங்க நைனா காளவாயில லாரி நெறைய வந்து எறங்கிக்குது டீச்சர். கிட்ட வெச்சுப் பாத்தா பூப்பூவா கீது" என்றாள். வழக்கமாகப் பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுடுகிற காளவாய் அது. அந்த வருஷம் கிளிஞ்சல் போதாமல், தெற்கே எங்கோ கடலிலிருந்து வெட்டிய கல்லை வரவழைத்திருந்தார்கள்.

பள்ளியில் இருந்த ஒரே பூதக்கண்ணாடி பீரோவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கல்லின்மேல் பிடித்தேன். கல் முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய சுவர்கள், யாரோ ஊசியால் கோலம் போட்ட மாதிரி. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். மேஸ்திரி பெண் கடைசிவரை நகரவே இல்லை. "ஒவ்வொண்ணும் ஒரு ஊடா டீச்சர்? அப்ப இவ்ளோ பேரும் எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று வகுப்பில் ஒப்புக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த அறையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த தையல் டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தெரியலன்னா தேடுவோம். நானும் வரேன்" என்றார்.

தேடினோம். ஒரு கூட்டம் கல்லில் உள்ள குழிகளை எண்ணியது. எண்ணி முடியாமல் சண்டை போட்டுக்கொண்டது. ஒரு கூட்டம் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தது. இரண்டு பெண்கள் சந்தைக்கு மீன் கொண்டுவரும் பழவேற்காட்டு அம்மாவிடம் விசாரித்துவிட்டு, "நம்ம பக்கம் வெறும் மணலும் சேறும்தானாம். கல்லுக் கடலு தெக்காலதான் கீதாம்" என்று செய்தி கொண்டுவந்தார்கள். ராமேசுவரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒரு கார்டு போட்டோம். ஒரு மாதம் கழித்து, அங்குள்ள பிள்ளைகளே எழுதிய பதில் வந்தது. தண்ணீருக்குள் பச்சையாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் இருக்கும், மேலே நடந்தால் கால் கிழியும், வெளியே எடுத்துப் போட்டால் இரண்டு நாளில் நாறும், அப்புறம் வெள்ளையாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். நாறும் என்பதைப் படித்ததும் வகுப்பு சிரித்தது. மேஸ்திரி பெண் சிரிக்கவில்லை. "அப்ப அது உசுரோட இருந்துக்குது" என்றாள். நானும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போகாமல் மெட்ராஸ் போய், நூலகத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லாமல் நான் செய்த காரியம் அது. திரும்பும் ரயிலில் எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

கடலைச் செய்தே பார்த்துவிடலாம் என்றவர் தையல் டீச்சர்தான். கொத்தனார்கள் கலவை கலக்கிற பெரிய தகரத் தொட்டி ஒன்றை இரவல் வாங்கி வகுப்பின் நடுவில் போட்டார். காய்ந்த பீர்க்கங்கூட்டை வெட்டி மஞ்சள் தடவினால் ஒரு பவளம். ஊறவைத்து அரைத்த காகிதக் கூழை உருட்டி, ஈர்க்குச்சியால் வளைவு வளைவாகக் கோடு கிழித்தால் மூளையைப் போன்ற இன்னொரு பவளம். ஆனால் எல்லோரையும் வாயடைக்க வைத்தது பின்னல்தான். ஒற்றை ஊசியால் நூலை வட்டமாகப் பின்னும்போது கண்ணிகள் கூடிப்போனால் ஓரம் தட்டையாக நிற்காது, சுருண்டு மடங்கி நெளியும். அந்த மாதிரிப் பின்னிக்கொண்டு போனால் தையல் டீச்சர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "பிரி." அந்த வார்த்தைக்குப் பயந்து அழுத பெண்கள் உண்டு. ஒருநாள் அப்படி நெளிந்துபோன ஒன்றைக் கையில் வாங்கி, வழக்கம்போல் வாயைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அதைக் கொண்டுபோய் நான் எழுதிவந்த பக்கத்தில் வரைந்திருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசலாக அதே மடிப்பு. "பிரிக்காத. இன்னும் நாலு கண்ணி சேத்துக்கினே போ. தப்புத் தப்பாப் போடு" என்றார். அன்றிலிருந்து பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு தப்பாகப் பின்னினார்கள். பையன்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த இரண்டு மாதமும் பள்ளி நடந்ததா, நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது கனவு கண்டோமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. புடவைக்குக் கீழே நீல வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார்கள். பேச்சுகூடத் தானாகத் தணிந்துவிடும். சாப்பாட்டு மணி அடித்தால் வராந்தாவில் கைகளை மெல்ல வீசி வீசி நீந்திக்கொண்டு போவார்கள். சரக்கு ரயில் போகும்போது தொட்டி அதிரும், பவளங்களும் ஆடும், அலை வருது, அலை வருது என்பார்கள். மீன் தூங்கும்போது எந்தப் பவளத்துக்குள் புகுந்துகொள்ளும் என்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் என்னைக் கேட்பார்கள். நானும் ஏதோ எனக்குத் தெரிந்த மீன் மாதிரி பதில் சொல்வேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வருஷத்திலும் இருந்ததில்லை.

ஆய்வாளர் திங்கட்கிழமை வருகிறார் என்று உத்தரவு வந்தது. தையல் டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொட்டியில் ஒரே ஒரு குறை இருந்தது. அடியில் வைக்கக் கல் போதவில்லை; மணல்திட்டு உயரமில்லாமல் பவளங்கள் சாய்ந்து சாய்ந்து விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை அவர் பொன்னேரியில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். திங்கள் காலை அவர் வந்து பார்க்கும்போது திட்டு எழும்பி நிற்கட்டும் என்று அந்த வாரம் ஊருக்குப் போகாமல் தங்கியிருந்த நான் சாயங்காலம் ரயில் பாதையைத் தாண்டிக் காளவாய்க்கே போனேன். லாரியில் வந்த சாம்பல் நிறக் கல் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. அதில் ஒரு கூடை கேட்டேன். மேஸ்திரிக்கு மனசே வரவில்லை. "பச்சைக் கல்லு அழுக்கு டீச்சர். உங்க கைல போயி இதக் குடுக்கறதா? இருங்க" என்று உள்ளே போய், தானே பொறுக்கி ஒரு கூடை கொண்டுவந்தார். பால் வெள்ளை. அதே குழிகள், அதே கோலம், ஆனால் ஒரு பொட்டு அழுக்கில்லை. கூடை லேசாக இருந்தது, அடியில் இளஞ்சூடு. வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்தேன். மரியாதைக்கு எழுந்து நின்று வழியனுப்பியவர், நான் பாதையை நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "ஈரம் மட்டும் படாம பாத்துக்குங்க டீச்சர்!" யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது போல அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். என் மனசு முழுவதும் தொட்டியில் இருந்தது.

காலை ஏழு மணிக்கே போய், அந்த வெள்ளைக் கல்லை அடுக்கி, மேலே மணல் தூவி, பவளங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். திட்டு அழகாக எழும்பிவிட்டது. தையல் டீச்சர் வந்தவுடன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "சமுத்திரம்னா ஜலம் வேண்டாமா டீச்சர்? இன்ஸ்பெக்டர் வந்ததும் விடலாம்" என்றேன். அவர் தயங்கினார். "நூலு நனைஞ்சா தொங்கிடுமே. வேணாம் டீச்சர்." நான் விடவில்லை. சலவை நீலம் கரைத்த குடங்களை வரிசையாக வைத்தேன். "சரி, சயின்ஸ் டீச்சர் சொன்னா சரிதான்" என்று சிரித்தார்.

ஆய்வாளரும் தலைமையாசிரியரும் வந்தார்கள். பிள்ளைகள் தாங்கள் தேடிக் கண்டதையெல்லாம் சொன்னார்கள். ஆய்வாளர் குனிந்து பின்னலைத் தொட்டுப் பார்த்து, இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்; தையல் டீச்சரைக் காட்டினார்கள். ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். நான் குடங்களுக்குச் சைகை காட்டினேன். நீலத் தண்ணீர் மணலுக்கு மேல் ஏறியதும் அந்த நூல் மடிப்புகளெல்லாம் விரிந்து மெல்ல அசைந்தன. பிள்ளைகள் தொட்டியை நெருங்கிக் குனிந்தார்கள். கடல் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் மணலுக்கு அடியில் டிக், டிக் என்று சத்தம். குமிழ்கள் வந்தன. "டீச்சர், பவளம் மூச்சு வுடுது!" என்று ஒரு குழந்தை கத்தியது. அடுத்த நொடி தொட்டி சீறியது. ஆவி எழும்பியது. கற்கள் வெடித்துப் பிளந்தன. "வெந்த கல்லு! தொடாதீங்க, வெளிய போங்க, வெளிய போங்க!" என்று தையல் டீச்சர் பாய்ந்தார். தன் பவளத்தை எடுக்கக் கையை நீட்டிய மேஸ்திரி பெண்ணை இழுத்துத் தள்ளினார். கொதித்த சுண்ணாம்புத் தண்ணீர் அவருடைய மணிக்கட்டில் தெறித்தது. ஐந்து நிமிஷத்தில் தொட்டியில் வெள்ளைக் குழம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. பின்னலும் காகிதமும் அதில் அமிழ்ந்துபோயின.

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் என்ன ஆகும், அதில் நீர் விட்டால் என்ன ஆகும் என்று அதே வகுப்பில் அதே கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்தான். கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மேஸ்திரி பச்சைக் கல் என்றது சுடாத கல்லை; என்னிடம் தந்தது காளவாயில் சுட்டெடுத்ததை. கையில் கூடையை வாங்கியபோது ஒரு எழுத்தும் நினைவுக்கு வரவில்லை.

ஆய்வாளர் கெட்டவரில்லை. முதலில் பிள்ளைகளின் கைகளைத்தான் பார்த்தார். "பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இது யாருடைய ஏற்பாடு?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். சொல்லியிருக்க மாட்டேன். "நான்தான் சார். கைவேலையெல்லாம் என் பொறுப்பு" என்றார் தையல் டீச்சர், காயம்பட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே நின்ற மேஸ்திரி பெண் என்னைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நான் போனதை அவள் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருந்தாள். அவளும் எதுவும் சொல்லவில்லை.

தையல் வகுப்பு தேவையில்லை என்று ஏப்ரலில் கடிதம் வந்தது. இப்போது கடல் சூடாகிப் பவளத்திட்டுகள் வெளுத்துப்போகின்றன என்று பேப்பரில் படம் போடுகிறார்கள். என் தங்கை பேத்தி கைப்பேசியில் அந்தப் படங்களைக் காட்டி எனக்கு விளக்கம் சொல்கிறாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்வதில்லை. தெரிந்த விதத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

தையல் டீச்சரின் கடைசி நாளன்று ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். பொன்னேரி போய், அங்கிருந்து சோழவரத்தில் ஒரு தையல் நிலையத்தில் சேர்வதாக இருந்தார். பெட்டியைக் கீழே வைத்ததும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: கல்லைக் கொண்டுவந்தது நான், ஈரம் படக்கூடாது என்று மேஸ்திரி சொன்னதும் என்னிடம்தான். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் டீச்சர். மேஸ்திரி அன்னிக்கே வந்து அழுதாரு" என்றார். பிறகு ஏன் என்று கேட்டேன். "எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். நீங்க அப்படி இல்ல. அந்த இன்ஸ்பெக்டரு உங்கள ரெண்டு வார்த்த கேட்டுருந்தா, நீங்க புஸ்தகத்துக்குள்ள பூந்துக்கினு அப்புறம் வெளியவே வர மாட்டீங்க. இந்தப் புள்ளைங்களுக்கு நீங்க வேணும். அடுத்த வருசமும் எதுனா ஒண்ணு பண்ணுங்க. பயந்துக்கினு வுட்றாதீங்க, இன்னா?" சரி என்றேன். ரயில் நகரும்போது ஜன்னலோடு நடந்துகொண்டே இன்னொரு தடவையும் சரி என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் நீட்டிய தண்ணீரையும் அன்று வாங்கிக் குடித்திருந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போய் வருகைப் பதிவை எடுத்து முடித்ததும் மேஸ்திரி பெண் எழுந்தாள். "டீச்சர், இந்த வருசம் இன்னா பண்ணப் போறோம்?" என்று கேட்டாள். எல்லா முகமும் நிமிர்ந்தது. பின் பெஞ்சுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வராந்தாவில் தலைமையாசிரியர் இருமும் சத்தம் கேட்டது.

"பாடம் படிக்கப் போறோம். புஸ்தகத்தை எடு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எடுத்தாள். நான் ஓய்வு பெறும் நாள்வரை, எந்த வருஷமும் எந்தப் பிள்ளையும் என்னிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.